பேட்டை மெக்சிகன் கடையில் சாப்பிடுவது எப்படி: தோர்தியாவில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

அமெரிக்கா வந்த முதல் இரண்டு வருடம் எனக்கு மெக்சிகன் சாப்பாடு என்றால் ஒன்றுதான்: அலுமினியத் தாளில் சுற்றிய, குழந்தைத் தலையணை அளவுக்கு ஒரு பரிட்டோ. உள்ளே சோறு, பீன்ஸ், சீஸ், புளித்த கிரீம். மற்றதில் மாட்டிறைச்சி இருக்குமோ என்ற பயத்தில் அதை மட்டுமே வாங்குவேன். சாப்பிட்டு முடித்தால் தூக்கம் வரும். இதில் அப்படி என்ன இருக்கிறதென்று ஊரே கொண்டாடுகிறது என்று யோசித்ததும் உண்டு.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், கிழக்கு சான் ஹோசேயில் ஆறு மேசை மட்டுமே போட்ட ஒரு கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு அம்மா மாவை உருட்டி, இரும்பு அச்சில் வைத்து அழுத்தி, தோசைக்கல் போன்ற ஒன்றில் வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்தவர், வெந்த ஒன்றை எடுத்து, உப்புத் தூவி, கையாலேயே சுருட்டி நீட்டினார். "தோமா, மிஹோ." இந்தாப்பா, சாப்பிடு என்று அர்த்தம். உள்ளே எதுவும் இல்லை. வெறும் மக்காச்சோளம், உப்பு, சூடு. வறுத்த சோளத்தின் வாசனையோடு, புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பட்டால் வருமே, அந்த வாசனையும் மெலிதாக. இரண்டு வருடமாக நான் பொட்டலத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறேன், சாப்பாட்டை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

நமக்கு ஒரு மெஸ்ஸில் சோறு சரியாக இல்லையென்றால் குழம்பு எப்படி இருந்து என்ன? அதே மாதிரிதான் இங்கேயும். தோர்தியா, அதாவது அந்த அம்மா சுட்டுக்கொண்டிருந்த மெல்லிய ரொட்டி, சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். கீழே சொல்லும் படிகள் கலிஃபோர்னியாவின் பேட்டைக் கடைகளை மனதில் வைத்து எழுதியவை. டெக்சஸிலும் சிகாகோவிலும் சில விஷயம் மாறும், பெரும்பாலானது பொருந்தும்.

படி 1: கடையைத் தேர்ந்தெடுப்பது

இணையத்தில் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன், வாசலில் நின்று மூன்று விஷயம் பாருங்கள். தோர்தியா அங்கேயே சுடுகிறார்களா? பலகையில் "எச்சாஸ் அ மானோ" என்று எழுதியிருந்தால் கையால் செய்தது என்று பொருள். இரண்டாவது, மதியம் 12 மணிக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெயின்ட் படிந்த சட்டையோடு கட்டட வேலைக்காரர்கள், பேரப்பிள்ளையோடு பாட்டிகள் என்றால் தைரியமாக உள்ளே போகலாம். மூன்றாவது, வார இறுதியில் மட்டும் கிடைக்கும் என்று ஏதாவது தனியாக எழுதி ஒட்டியிருக்கிறதா? மெனூதோ என்கிற மாட்டு இரைப்பை சூப், போசோலே என்கிற சோளமும் இறைச்சியும் சேர்ந்த சூப், பிர்ரியா என்கிற மசாலா இறைச்சிக் குழம்பு இதெல்லாம் மணிக்கணக்கில் வேக வேண்டியவை. அவற்றைச் செய்கிற கடையில் அடுப்பை உண்மையாகப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம்.

அலங்காரத்தை நம்ப வேண்டாம். சுவரில் பெரிய தொப்பியும் போர்வையும் தொங்குகிற கடைகளிலும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன், மோசமாகவும் சாப்பிட்டிருக்கிறேன். குழல் விளக்கு, பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் கால்பந்து ஓடும் தொலைக்காட்சி என்று இருக்கும் கடைகள் பொதுவாக ஏமாற்றுவதில்லை.

கடைகளில் மூன்று வகை உண்டு. தாக்கேரியா என்பது கல்லாவில் காசு கொடுத்து, எண் வாங்கி, கூப்பிட்டதும் எடுத்துக்கொள்வது. உட்கார்ந்து சாப்பிடும் குடும்பக் கடையில் பரிமாறுபவர் வருவார். இவை இரண்டும் இல்லாமல் தெருவோர வண்டி. ஓக்லண்டின் ஃப்ரூட்வேல் பகுதியில் சாலையோரமாக நிற்கும் வண்டிகளுக்கென்றே நான் ரயில் ஏறிப் போனதுண்டு. முதல் முறை போகிறவர்களுக்குத் தாக்கேரியாதான் வசதி. என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம், பார்த்துக் கையைக் காட்டியும் வாங்கலாம்.

படி 2: உள்ளே நுழைந்ததும்

தாக்கேரியாவில் நேராக வரிசை. உங்கள் முறை வந்ததும் "பாரா அகீ ஓ பாரா யெவார்?" என்று கேட்பார்கள். இங்கே சாப்பிடவா, பார்சலா என்பதுதான் அது. இங்கே என்றால் "அகீ." தோர்தியாவில் இறைச்சியோ காயோ வைத்துத் தருகிற டாக்கோவைப் பார்சல் வாங்காதீர்கள். பத்து நிமிடத்தில் தோர்தியா ஈரமாகி உடைந்துவிடும். பரிட்டோ தாங்கும், அது பயணத்துக்கென்றே பிறந்தது.

குடும்பக் கடையில் உட்கார்ந்தவுடன், கேட்காமலேயே ஒரு கூடை சோளச் சிப்ஸும் கிண்ணத்தில் சல்சா என்னும் காரச் சட்னியும் வந்துவிடும். பல இடங்களில் அது இலவசம், தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் விழுவார்கள். பசியோடு போய், சிப்ஸைக் கொறித்துக் கொறித்து வயிற்றை நிரப்பிக்கொண்டு, பெரிய தட்டு வரும்போது திருதிருவென்று விழிப்பது. கல்யாணப் பந்தியில் முதலிலேயே அப்பளத்தில் வயிற்றை நிரப்புகிற மாதிரி. ஆளுக்கு ஆறு சிப்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டதில்லை.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பானிஷில் இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் ய சத்தம்; அதனால் தோர்தியா, கேசதியா, போயோ. 'ஜே' எழுத்து ஹ சத்தம். ஆகவே ஹலபேன்யோ, ஃபஹீதா. மென்மையான த-வும் அழுத்தமான ர-வும் அந்த மொழியில் இருப்பதால், ஆங்கிலம் பேசுகிறவர்களைவிடத் தமிழ் நாக்குக்கு இது சுலபம். கூச்சப்படாமல் சொல்லிப் பாருங்கள். தப்பாகச் சொன்னாலும் முகம் மலர்ந்துதான் பதில் வரும்.

படி 3: பட்டியலைப் படிப்பது

பட்டியலில் எண்பது பெயர் இருக்கும். மிரள வேண்டாம். பெரும்பாலானது மூன்றே கேள்விக்குள் அடங்கும்: எந்த மாவு, என்ன வடிவம், உள்ளே என்ன.

முதலில் மாவு. "தே மயீஸ் ஓ தே ஹரினா?" என்று கேட்டால் சோளமா, கோதுமை மாவா என்று பொருள். மயீஸ் பழையது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் நீக்கி அரைப்பார்கள். நிஷ்தமாலிசேஷன் என்று இதற்குப் பெயர். நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். இப்படிச் செய்தால் மாவு பிசைய வருகிறது, வாசனை மாறுகிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்கிற பி3 வைட்டமின் உடம்பில் சேர்கிறது. சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தச் சுண்ணாம்பு வேலையை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு பெல்லாக்ரா என்னும் தோல் வெடித்துப் புத்தி தடுமாறும் நோய் வந்தது. பண்டத்தை எடுத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்ட கதை. அந்தக் காலத்தில் ஊறிய சோளத்தை மெதாத்தே என்னும் கல்லில் அரைத்தார்கள். படத்தைப் பார்த்தால் நம் அம்மிக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும்.

ஹரினா, அதாவது கோதுமைத் தோர்தியா, ஸ்பானியர்கள் கோதுமை கொண்டுவந்த பிறகு வந்தது. சோனோரா போன்ற வட மெக்சிகோ மாநிலங்களின் வழக்கம். நன்றாகச் செய்தால் மெல்லிசாக, பூப்போல இருக்கும். ஆனால் சப்பாத்தி தின்று வளர்ந்த நாக்குக்கு அதில் புதுமை குறைவு. முதல் தடவை சோளமே சொல்லுங்கள்.

அடுத்தது வடிவம். சிறிய தோர்தியாவில் பொருளை வைத்துத் திறந்தபடி கொடுத்தால் டாக்கோ. பெரிய கோதுமைத் தோர்தியாவில் சுருட்டி மூடினால் பரிட்டோ. சோறும் பீன்ஸும் உள்ளேயே அடைத்த ராட்சத வகை 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் பிரபலமானது. சீஸ் வைத்து மடித்துச் சுட்டால் கேசதியா. மிளகாய்ச் சாறில் தோய்த்து, சுருட்டி, மேலும் சாறு ஊற்றினால் என்சிலாதா. பெயரிலேயே சிலே, அதாவது மிளகாய், இருக்கிறது. கனமாகத் தட்டி, ஓரத்தைக் கிள்ளி வரப்பு கட்டி, மேலே பீன்ஸும் மற்றதும் வைத்தால் சோப்பே. ரொட்டிக்குள் வைத்தால் தோர்த்தா.

தமாலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சோள மாவை நடுவில் பூரணம் வைத்து, சோளக்கதிரின் தோகையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. நம் இலைக் கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம். தோகையைப் பிரித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். 1976இல் தேர்தல் பிரசாரத்துக்காக டெக்சஸின் சான் அன்டோனியோ போன அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட், எல்லாரும் பார்க்கத் தோகையோடு கடித்தார். அந்த ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இலைக் கொழுக்கட்டை தெரிந்த யாரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம்.

மஞ்சள் சீஸ் உருகி வழிகிறது, சீரக வாசனை தூக்கலாக இருக்கிறது, தட்டுகளுக்கு ஒன்று முதல் இருபது வரை எண் போட்டிருக்கிறார்கள் என்றால் அது டெக்ஸ்-மெக்ஸ், எல்லையின் இந்தப் பக்கம் வளர்ந்த சமையல். சிலர் அதை அசல் இல்லை என்று மட்டம் தட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மதுரைப் பரோட்டா அசலா என்று யாராவது கேட்கிறோமா? சோளச் சிப்ஸில் சீஸ் உருக்கிய நாச்சோஸ்கூட மெக்சிகோவின் எல்லை ஊரான பியத்ராஸ் நெக்ராஸில் 1940களில் இக்னாசியோ அனாயா என்ற உணவக ஊழியர், சமையற்காரர் இல்லாத நேரத்தில் வந்த விருந்தாளிகளுக்குக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்து கொடுத்ததுதான். இக்னாசியோவின் செல்லப் பெயர் நாச்சோ.

படி 4: உள்ளே என்ன இறைச்சி

மாடு வேண்டாம், பன்றி வேண்டாம் என்பவர்கள் நம்மில் நிறைய. ஆனால் பட்டியலில் மாடு, பன்றி என்று எழுதியிருக்காது; வெட்டின் பெயரோ சமைத்த விதமோதான் இருக்கும். இதை ஒரு முறை மனப்பாடம் செய்துவிட்டால் நிம்மதி.

மாடு: அசாதா என்றால் சுட்ட மாட்டிறைச்சி. லெங்குவா நாக்கு, கபேசா தலை இறைச்சி, சுவாதேரோ வயிற்றுப்பக்கத்து மெல்லிய வெட்டு. திரிப்பா குடல்.

பன்றி: கார்னித்தாஸ், சொரிசோ, சிச்சரோன், புச்சே. அல் பஸ்தோரும் பன்றிதான்.

கோழி: போயோ. திங்கா என்றால் தக்காளி, சிப்போத்லே மிளகாயில் வேகவைத்து உதிர்த்தது, பெரும்பாலும் கோழியில். மீன் பெஸ்காதோ, இறால் கமரோன்.

இரண்டு பெயர்களில் குழப்பம் வரும். பிர்ரியா ஹலீஸ்கோ மாநிலத்தில் ஆட்டிறைச்சிக்குப் பெயர் பெற்றது; இங்கே பெரும்பாலும் மாட்டில் செய்கிறார்கள். பர்பகோவாவும் அப்படியே, ஆடாகவும் இருக்கலாம் மாடாகவும் இருக்கலாம். "எஸ் தே ரேஸ்?" என்று கேளுங்கள்; மாடா என்பது கேள்வி. ஆடு என்றால் "சீவோ" என்பார்கள், செம்மறி என்றால் "பொர்ரேகோ." வெள்ளாட்டு பிர்ரியா எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். மிளகாயும் கிராம்பும் பட்டையும் போட்டு எலும்போடு கொதித்த அந்தச் சாற்றைக் குடித்தால், ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நினைவுக்கு வந்தே தீரும்.

பன்றி சாப்பிடுகிறவர்களுக்கு அல் பஸ்தோர் ஒரு கட்டாயம். செங்குத்துக் கம்பியில் அடுக்கிய இறைச்சி சுழன்றுகொண்டே வேக, வெந்த ஓரத்தைக் கத்தியால் சீவித் தோர்தியாவில் பிடிப்பார்கள். ஷவர்மா மாதிரி இருக்கிறதே என்றால், ஆமாம், அதேதான். லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் கொண்டுவந்த முறை; ஆட்டுக்குப் பதில் பன்றி, அராபிய மசாலாவுக்குப் பதில் அச்சியோத்தே விதையும் மிளகாயும், உச்சியில் ஒரு அன்னாசி. கம்பி சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தட்டையான கல்லில் வதக்கிக் கொடுப்பதையும் அல் பஸ்தோர் என்றே விற்கிறார்கள். சுவை பாதிதான் இருக்கும்.

படி 5: சைவர்கள் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். என் மாமியார் சுத்த சைவம். ஊரிலிருந்து வந்திருந்தபோது, வீட்டருகே ஒரு கடைக்கு மூன்று முறை கூட்டிப்போனேன். ஒவ்வொரு முறையும் மசித்த பீன்ஸை இன்னொரு கரண்டி வாங்கி, "இது எப்படி இவ்வளவு வாசனையா இருக்கு மாப்பிள்ளை?" என்று ரசித்துச் சாப்பிட்டார். நாலாவது தடவை நான் தனியாகப் போனபோதுதான் கல்லாவில் கேட்டேன். "மந்தேகா, சார்" என்றான் அந்தப் பையன், வேறென்ன என்கிற முகத்தோடு. மந்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. அத்தைக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அவர்கள் மரபில் பீன்ஸ் என்றால் மந்தேகாவில் வதக்குவதுதான் முறை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆகவே கேட்க வேண்டியவை:

"லோஸ் ஃப்ரிஹோலெஸ் தியேனென் மந்தேகா?" பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?

"எல் அர்ரோஸ் யேவா கால்தோ தே போயோ?" சிவப்பாக வருகிற சோறு பல கடைகளில் கோழிச்சாற்றிலோ கோழித்தூள் போட்டோதான் வேகும்.

கோதுமைத் தோர்தியாவிலும் தமால் மாவிலும் மந்தேகா சேர்ப்பதுண்டு. சோளத் தோர்தியாவில் பொதுவாக சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான். இதுவும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். மோலே என்னும் அரைத்துவிட்ட குழம்பு, மிளகாயும் எள்ளும் கொட்டைகளும் சில வகையில் சாக்லேட்டும் சேர்ந்தது, பார்க்கச் சைவம் போலிருக்கும். கரைக்கக் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள். சீஸில் ரென்னட் என்கிற கன்றுக்குட்டி இரைப்பை நொதி இருக்கலாம் என்பதையும் கடுமையான சைவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

"சின் கார்னே", கறி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. கார்னே என்றால் சிலர் காதில் மாட்டிறைச்சிதான் விழும். கோழியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். "சின் கார்னே, சின் போயோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நாம் கோயிலுக்குப் போகும் நாளில் ஓட்டலில் "முட்டைகூட இல்லாம" என்று அழுத்திச் சொல்வதில்லையா, அதுபோல.

சரி, சைவர்கள் என்னதான் சாப்பிடுவது? பரிட்டோ பக்கமே போகாமல் வயிறாரச் சாப்பிடலாம். ராஹாஸ் என்பது சுட்டுத் தோலுரித்த பொப்லானோ மிளகாயை நீளமாகக் கிழித்து வெங்காயம், கிரீமோடு வதக்கியது. என் வீட்டில் இதற்குத்தான் அடிதடி. பாப்பாஸ் உருளைக்கிழங்கு, ஹோங்கோஸ் காளான், ஃப்ளோர் தே கலபாசா பூசணிப்பூ. நோபாலெஸ் என்று இருந்தால் அவசியம் வாங்குங்கள். அது நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளி வகைதான். முள்ளைச் சீவி, நறுக்கி, வேகவைத்தால் வெண்டைக்காய் வழவழப்பும் கொஞ்சம் புளிப்பும். அந்தக் கள்ளிக்குச் சொந்த ஊரே அமெரிக்கக் கண்டம்தான். நம் ஊருக்கு அது வந்தேறி, நாம் சமைக்கத்தான் கற்றுக்கொள்ளவில்லை. சிலே ரெயேனோ என்பது சீஸ் அடைத்த மிளகாய் பஜ்ஜி. மேல்மாவு முட்டை அடித்தது என்பதால் முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஆகாது.

படி 6: சல்சா மேடையில் நம் வீறாப்பு

தாக்கேரியாவில் ஓரமாகச் சின்னச் சின்னக் கிண்ணங்களும் நாலைந்து சல்சாவும் இருக்கும். நாமே எடுத்துக்கொள்ளலாம். "மிளகாயை உலகத்துக்கே நாம்தான் கொடுத்தோம்" என்கிற பாவனையில் நம்மவர்கள் கரண்டி போடுவார்கள். மிளகாய் போர்த்துகீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பொருள். அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். பேரிலேயே மிளகு + காய் என்று ஒட்டியிருக்கிறது. தக்காளியும் கொய்யாவும் அங்கிருந்து வந்தவையே. சப்போட்டா என்ற பெயர்கூட ஆஸ்டெக் மக்களின் நாவாத்துல் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்ததுதான். அதனால் கொஞ்சம் அடக்கத்தோடு தொடங்குவோம்.

பீகோ தே காயோ என்பது நறுக்கிய தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை, காரம் குறைவு. சல்சா வெர்தே தக்காளி இல்லை, தொமாதியோ என்னும் காகித உறை போர்த்திய பச்சைக் காய்; புளிப்பாக இருக்கும். கரும்புள்ளிகளோடு சிவப்பாக இருப்பது சுட்ட தக்காளியும் காய்ந்த மிளகாயும். செங்கல் நிறத்தில் எண்ணெய் மினுங்கினால் ஆர்போல் மிளகாய், மெதுவாக ஏறும். வெளிர் ஆரஞ்சில் விதை தெரிய இருந்தால் அபனேரோவாக இருக்க வாய்ப்பு அதிகம், உஷார். காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரை. அபனேரோ 1,00,000க்கு மேல்.

நான் ஏமாந்தது நிறத்தில். கொத்தமல்லித் தேங்காய்ச் சட்னி போலவே வெளிர் பச்சையில், கெட்டியாக ஒன்று இருந்தது. இட்லிக்கு எடுக்கிற அளவில் எடுத்துக்கொண்டேன். அவகாடோ என்று நினைத்தது உண்மையில் பச்சை மிளகாயை எண்ணெயோடு அடித்துக் குழைத்தது. கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெரியவர் தன் சோற்றை என் பக்கம் தள்ளினார். தண்ணீர் குடிக்கக் கூடாது. பாலோ கிரீமோ சோறோதான் மருந்து. முதலில் ஒரு சிப்ஸின் நுனியில் தொட்டுப் பாருங்கள். "பிகா முச்சோ?" ரொம்பக் காரமா என்று கேட்கலாம். ஆனால் மெக்சிகோக்காரர் "இல்லை" என்று சொன்னால், ஆந்திரா நண்பர் "இல்லை" என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே மேடையில் முள்ளங்கி, எலுமிச்சை, காடியில் ஊறிய கேரட்டும் ஹலபேன்யோவும் இருக்கும். ஊறுகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்களுக்கு அந்தக் கேரட் போதும்.

படி 7: குடிக்க

கண்ணாடி ஜாடிகளில் கலர் கலராக இருப்பவை அகுவாஸ் ஃப்ரெஸ்காஸ். ஹமைகா என்னும் அடர்சிவப்பு, புளிச்சக்கீரைக் குடும்பத்துச் செம்பருத்திப் பூவின் புல்லிதழில் ஊறியது. ஓர்ச்சாத்தா, ஊறவைத்து அரைத்த அரிசியோடு பட்டையும் சர்க்கரையும். தமரிந்தோ நம் புளிதான். கிழக்கிலிருந்து போய் அங்கே வேரூன்றியது. மிளகாய் இந்தப் பக்கம், புளி அந்தப் பக்கம் என்று பண்டமாற்று நடந்திருக்கிறது. மூன்றுமே இனிப்பு அதிகம். பாதி ஹமைகா, பாதி தண்ணீர் என்று கேட்டு வாங்குவது என் வழக்கம்.

படி 8: சொல்வதும் சாப்பிடுவதும்

ஆளுக்கு மூன்று டாக்கோ சரியான தொடக்கம். "தோஸ் தே போயோ, உனோ தே ராஹாஸ், கோன் தோதோ, போர் ஃபவோர்." இரண்டு கோழி, ஒரு மிளகாய், எல்லாம் போட்டு, தயவுசெய்து. "கோன் தோதோ" என்றால் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்த்து. மூன்றையும் மூன்று விதமாக வாங்குங்கள். அடுத்த முறை எது என்று தெரிந்துவிடும்.

தட்டு வந்ததும் எலுமிச்சையைப் பிழிந்து, சல்சாவை ஒரு கோடு போல விடுங்கள். டாக்கோவுக்குக் கீழே இரண்டு தோர்தியா இருக்கும், தவறி வைத்ததில்லை. ஒன்று கிழிந்தால் இன்னொன்று தாங்க. சிலர் உள்ளதைப் பிரித்து இரண்டு டாக்கோவாக்கிக்கொள்வார்கள். மூன்று விரலால் பிடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடிக்க வேண்டும். முழங்கை மேசையில், உடம்பு தட்டுக்கு மேல் முன்னால். ஒழுகுவது தட்டில் விழும், சட்டையில் விழாது. விழுந்ததைச் சிப்ஸால் வழித்துச் சாப்பிடுவது மரியாதைக் குறைவில்லை. முள்கரண்டியால் டாக்கோ சாப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கையால் சாப்பிட்டே வளர்ந்த நமக்கு இங்கே யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

சூடு ஆறவிடாதீர்கள். நான்கு பேர் போனால் எல்லார் தட்டும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தோசை வார்த்துப் போடும் வீட்டில் நாம் காத்திருக்கிறோமா?

பரிட்டோ என்றால் அலுமினியத் தாளை முழுக்க உரிக்கக் கூடாது. வாழைப்பழம் போல மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. ஃபஹீதா, அதாவது வெங்காயம், குடைமிளகாயோடு வதக்கிய இறைச்சித் துண்டுகள், வாங்கினால் இரும்புத் தட்டு சீறிக்கொண்டே வரும். "முய் காலியெந்தே" என்று எச்சரிப்பார்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 9: பில்

பட்டியலில் போட்ட விலையோடு விற்பனை வரி தனியாகச் சேரும். சான் ஹோசேயில் அது 9 சதவீதத்துக்குக் குறையாது. பரிமாறுபவர் இருக்கும் கடையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். கல்லாவில் வாங்கும் கடையில் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். அங்கே அது உங்கள் விருப்பம். நான் ஒன்றிரண்டு டாலர் ஜாடியில் போடுவேன். சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும் வாங்குவதும் உண்டு, பையில் இருபது டாலர் வைத்திருங்கள். மேசையில் சாப்பிட்டால் பில் தானாக வராமல் போகலாம். மறந்துவிட்டார்கள் என்று கடுப்பாக வேண்டாம். கேட்காமல் பில் வைப்பது எழுந்து போ என்று சொல்வது மாதிரி என்பது அவர்கள் ஊர் நாகரிகம். "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்றால் வந்துவிடும்.

எழுந்து போகும்போது, இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசைகளைக் கடந்தால் "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிற மாதிரி. முன்பின் தெரியாதவர்களும் தலையசைத்து "கிராசியாஸ்" என்பார்கள்.

அப்புறம், தோர்தியா சுடுகிற கடையாக இருந்தால் கல்லாவில் ஒரு டஜன் பொட்டலம் கேட்டுப் பாருங்கள். துணியில் சுற்றி வைத்தால் அன்றிரவு வரை மெத்தென்று இருக்கும். மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், ஒவ்வொரு பக்கமும் அரை நிமிடம் போட்டால் போதும். காருக்குள் பொட்டலத்தைப் பின்சீட்டில் கொடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வாங்கினால் ஏழுதான் வந்து சேர்கிறது.